இன்னொருக்கா தட்டைப் பாரு, மாப்ள

எங்கள் ஏலக்காய் வியாபாரிகள் சங்கம் இந்த வருஷம் ஒரு மலர் போடுகிறது. பழைய ஆட்கள் ஆளுக்கொரு கட்டுரை எழுதித் தர வேண்டுமாம். சங்கத்துச் செயலாளர் போனில் கூப்பிட்டு எனக்கென்று தலைப்பும் கொடுத்துவிட்டார். "ஏலத்துல எப்ப ஏறணும், எப்ப விடணும்னு எழுதுங்கண்ணே. ரெண்டு பக்கம் போதும். இப்ப வர்றவக கம்ப்யூட்டரு முன்னால உக்காந்து பொத்தான அமுக்குறாக, அமுக்குறாக, எங்கன நிறுத்துறதுன்னு தெரிய மாட்டேங்குது" என்றார்.

போடியில் ஒரே கம்பெனிக்கு முப்பத்திரண்டு வருஷம் ஏலம் கேட்டவன் நான். ஓய்வு பெற்று ஆறு வருஷம் ஆகிறது. ஏறுவது பற்றியும் விடுவது பற்றியும் எனக்குத் தெரிந்ததை இரண்டு பக்கத்தில் எழுதிவிடலாம்தான். எழுதியும் பார்த்தேன். படித்துப் பார்த்தபோது அதில் காசிம் ராவுத்தர் இல்லை. அவரை விட்டுவிட்டு இதை எழுதுவது எனக்கே அசிங்கமாகப் பட்டது. கிழித்துப் போட்டுவிட்டு மறுபடி எழுதுகிறேன். பக்கம் கூடிப் போனால் செயலாளர் பொறுத்துக்கொள்ளட்டும்.

சொந்த ஊரான தேவாரத்தில் எங்களுக்கு இருந்த மானாவாரி நிலம் வருஷத்தில் நாலு மாதம்தான் சோறு போடும். பத்தாவது முடித்த கையோடு போடிக்கு வந்து சுப்புராஜ் முதலாளியின் கோடவுனில் சேர்ந்தேன். மூன்று வருஷம் சல்லடை வேலை. மலையிலிருந்து ஜீப்பில் வந்து இறங்கும் காயை அளவு வாரியாகச் சலித்து, வெடித்ததையும் சூம்பியதையும் பொறுக்கி எடுக்க வேண்டும். அந்த மூன்று வருஷத்தில் கண்ணும் கையும் பழகிவிட்டன. காயை உள்ளங்கையில் போட்டுக் குலுக்கினால், விதை ஆடுகிற சத்தத்தை வைத்தே நன்றாகக் காய்ந்திருக்கிறதா இல்லையா என்று சொல்லிவிடுவேன். நாலாம் வருஷம் ஒரு நாள் முதலாளி, "முருகேசா, நாளைக்கு வெள்ளச் சட்ட போட்டு வா" என்றார். அதுதான் எனக்குக் கிடைத்த பதவி உயர்வு.

கம்ப்யூட்டருக்கு முந்தின ஏலக் கூடத்தைப் பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். மூன்று பக்கமும் மேசை போட்டிருக்கும். சுற்றி நாங்கள் முப்பது பேர் உட்கார்ந்திருப்போம், ஆளுக்கு ஒரு கம்பெனி. விற்பனைக்கு வந்த ஒவ்வொரு சரக்குக்கும் ஒரு நம்பர் உண்டு, அதை லாட் என்போம். லாட்டிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்துச் சின்னத் தட்டில் போட்டு வரிசையாகக் கை மாற்றி அனுப்புவார்கள். நாலு மூச்சு விடுகிற நேரம்தான் தட்டு ஒருவரிடம் நிற்கும். அதற்குள் நிறம், பருமன் பார்த்து, ஒன்றிரண்டு காயை உடைத்து விதை கறுப்பாக இருக்கிறதா என்று பார்த்து, மோந்தும் பார்த்துவிட வேண்டும். பார்த்த காயைத் தரையில் உதறிவிடுவோம். மத்தியானத்துக்குள் கூடம் முழுக்க ஏலக்காய் மிதிபட்டுக் கிடக்கும்.

பிறகு ஏலக்காரர் மேடையிலிருந்து ஒரு விலை சொல்வார். அதிலிருந்து ஒவ்வொரு தடவைக்கும் ஒரு ரூபாய்தான் ஏறலாம். வாயால் கேட்பதில்லை. ஏறுவதைக் காட்ட அவரவருக்கு ஒரு சைகை. நான் கையிலிருக்கும் பென்சிலை நிமிர்த்துவேன். பென்சிலை மேசையில் படுக்க வைத்துவிட்டால் நான் விட்டுவிட்டேன் என்று ஏலக்காரருக்குத் தெரியும். எனக்குப் பக்கத்து நாற்காலி காசிம் ராவுத்தருடையது. அவர் பேனா மூடியால் மேசையில் ஒரு தட்டுத் தட்டுவார்.

காலையில் கிளம்பும்போது முதலாளி ஒரு துண்டுச் சீட்டுத் தருவார். நாலாக மடித்திருக்கும். உள்ளே ரகத்துக்கு ஒரு விலை எழுதியிருப்பார். அதற்கு லிமிட் என்று பெயர். "அதுக்கு மேல ஏறுனா ஒன் காசு. அதுக்குக் கீழயே விட்டா எனக்குக் காரணம் சொல்லணும்." இந்த இரண்டே விதிதான். சுப்புராஜ் முதலாளி குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியால் துடைப்பார். துடைத்து முடிக்கும் வரை நாம் நின்றுகொண்டே இருக்க வேண்டும். ஒரு தடவை வீம்புக்கு லிமிட்டைத் தாண்டி இரண்டு ரூபாய் ஏறிவிட்டு வந்தேன். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். கடைசியில், "போ, சாப்பிடு" என்றார். மாதச் சம்பளத்தில் பிடித்தம் இருந்தது. அதைவிட அந்தக் கண்ணாடி துடைத்ததுதான் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கிளப்பில் ரம்மி ஆடுவார். "ஸ்கூட் போடத் தெரியாதவன் ஏலத்துக்கு லாயக்கில்ல" என்பது அவர் வாக்கு. கை சரியில்லை என்று தெரிந்ததும், சின்ன நஷ்டத்தோடு சீட்டைக் கவிழ்த்துவிட்டு அந்த ஆட்டத்திலிருந்து விலகுவதுதான் ஸ்கூட். "கையில இருக்கத மட்டும் பாத்து ஆடுறவன் ஒரு ரகம், முருகேசா. எதிராளி எதுக்குப் படக்குன்னு எடுக்கான், எதுக்கு யோசிக்கான்னு பாத்து ஆடுறவன் இன்னொரு ரகம்."

செயலாளர் கேட்ட சங்கதி இதில்தான் இருக்கிறது. தட்டில் இருக்கும் காயின் மதிப்புப் பாதிதான். மீதிப் பாதி, இன்னும் எத்தனை லாட் பாக்கி இருக்கிறது, அதில் இதே ரகம் எத்தனை வரும், பக்கத்தில் இருப்பவனுக்கு இது எவ்வளவு அவசரம் என்பது. ரம்ஜானுக்கு முன்னால் வெளிநாட்டு ஆர்டரைக் கையில் வைத்திருப்பவன் சத்தமில்லாமல் ஏறிக்கொண்டே போவான். அவனோடு மல்லுக்கு நிற்காமல் சீக்கிரம் விட்டுவிட வேண்டும். விலை சொன்ன உடனே ஏறினால் ஆசை வெளியே தெரிந்துவிடும். ரொம்பத் தயங்கினாலும் தெரிந்துவிடும். எப்போதும் ஒரே நிதானத்தில் பென்சிலை நிமிர்த்த வேண்டும். கணக்குப்படி விட வேண்டிய இடம் வந்துவிட்டால், "இவ்வளவு தூரம் ஏறிட்டமே" என்ற நினைப்பே வரக் கூடாது. இதுவரை ஏறினது போனதுதான். அடுத்த ஒரு ரூபாய் தகுமா என்பது மட்டும்தான் கேள்வி. முதல் தடவை எழுதிய இரண்டு பக்கத்தில் இருந்தது இவ்வளவுதான்.

கூடத்துக்குப் போன இரண்டாம் மாதம் இது எதுவும் எனக்குத் தெரியாது. எதிராக ஒருவன் ஏறினால் ரத்தம் சூடேறும். அன்றைக்கு ஒரு லாட், பருத்த காய், நல்ல பச்சை. எதிர் வரிசையில் என் வயசுக்காரன் ஒருவன் ஏறினான். நானும் ஏறினேன். மற்றவர்கள் எல்லாரும் விட்டுவிட்டதை நான் கவனிக்கவே இல்லை. ஏலக்காரர் ஏதோ குறித்துக்கொள்ள ஒரு நிமிஷம் குனிந்தார். பக்கத்தில் இருந்த காசிம் ராவுத்தர் முகத்தைத் திருப்பாமல், மேசையில் கிடந்த தட்டை ஒற்றை விரலால் என் பக்கம் தள்ளினார்.

"இன்னொருக்கா தட்டப் பாரு, மாப்ள."

எடுத்து ஒரு காயை உடைத்தேன். உள்ளே விதை வெளுத்துப் போயிருந்தது. விளையாத காய். வெளித்தோற்றத்தைப் பார்த்து ஏமாந்திருக்கிறேன். பென்சிலைப் படுக்க வைத்தேன். லாட் எதிர் வரிசைக்காரன் தலையில் விழுந்தது.

காசிம் ராவுத்தர் கம்பத்துக்காரர். எங்கள் கம்பெனிக்கு நேர்ப் போட்டியான கம்பெனிக்கு ஏலம் கேட்பவர். நான் நஷ்டப்பட்டால் அவர் முதலாளிக்குச் சந்தோஷம்தான். டீக்கடையில், "எதுக்குச் சொன்னீக?" என்று கேட்டேன். "நீ பாட்டுக்குத் தெரியாம ஏத்திக்கிட்டே போனா, நாளைக்கு நான் கேக்குற காயும்ல ஏறும்? எல்லாம் என் சொயநலம்தான் மாப்ள" என்று சிரித்தார். அன்றிலிருந்து அவர் எனக்கு மாமா. பதினோரு வருஷம் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. கூடத்துக்குள் ஒருவரை ஒருவர் ஏற்றிவிட்டு ஏமாற்றப் பார்ப்போம், வெளியே வந்து ஒரே வடையைப் பிய்த்துத் தின்போம். அவர் மூக்கு பேர் போனது. கண்ணை மூடிக்கொண்டு மோந்தாலே, இது புதுக் காய், இது போன வருஷத்துக் காய், இது புகை ஏறிய காய் என்று சொல்லிவிடுவார். விளையாட்டுக்கு நாங்கள் பலர் சோதித்துப் பார்த்திருக்கிறோம். ஒரு தடவையும் தப்பியதில்லை.

பதினோராம் வருஷம் எனக்குக் காய்ச்சல் வந்தது. லீவு போட முடியாத சீசன். உட்கார முடியாமல் உட்கார்ந்திருந்தேன். மூன்று நல்ல லாட்டைப் பாதியிலேயே விட்டேன். மூன்றையும் மாமாவும் விட்டார். நான் பென்சிலைப் படுக்க வைத்த அடுத்த மூச்சில் அவர் பேனா மூடி நின்றது. காய்ச்சல் எனக்குத்தானே, இவருக்கு என்ன வந்தது?

அடுத்த வாரம் கவனித்தேன். தட்டு வந்தால் முன்பு போலவே எடுத்தார், உடைத்தார், மோந்தார். ஆனால் உடைத்த காயை அவர் பார்க்கவில்லை. கலர் போட்ட காயா என்று பார்க்க, கட்டைவிரலை நாக்கில் நனைத்துக் காயின் மேல் தேய்ப்போம். சாயம் இருந்தால் விரலில் பச்சை ஒட்டும். அவரும் நனைத்தார், தேய்த்தார். விரலைப் பார்க்காமல் துண்டில் துடைத்துக்கொண்டார். பிறகு என் பென்சில் பக்கம் முகத்தைக் கொஞ்சமாகச் சாய்த்தார்.

உறுதி செய்துகொள்ள ஒரு வேலை செய்தேன். அன்றைய முதல் தரக் காய் ஒன்று. லிமிட்டுக்கு வெகு கீழேயே வேண்டுமென்றே விட்டேன். மாமாவும் விட்டார். அந்த மாதிரிக் காயை அவர் விட்டதே இல்லை. எனக்குப் புரிந்துவிட்டது. மாமாவுக்குக் கண் போய்க்கொண்டிருந்தது. சர்க்கரை கண்ணுக்கு இறங்கியிருந்தது. பக்கத்தில் அசைகிற பென்சில் தெரியும், தட்டில் இருக்கும் பச்சை தெரியாது. பதினோரு வருஷம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்ததை நம்பி, என் கையைப் பார்த்து அவர் ஏலம் கேட்டுக்கொண்டிருந்தார்.

அவர் யாரிடமும் சொல்லவில்லை. ஏலம் கேட்பவனுக்குக் கண் போனால் அன்றைக்கே வேலை போகும். "பாத்திமாவுக்கு இது கடசி வருசம் மாப்ள. பி.எட். முடிச்சு ஒரு பள்ளியொடத்துல உக்காந்துட்டான்னா நான் மூட்டயக் கட்டிருவேன். இந்த ஒரு சீசன் ஓடணும்" என்று டீக்கடையில் மகளைப் பற்றி அடிக்கடி சொல்லுவார். எதற்குச் சொல்கிறார் என்று அதுவரை நான் யோசித்ததில்லை.

நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். ஆனால் அந்த முதல் தரக் காயை லிமிட்டுக்குக் கீழே விட்டிருக்கிறேனே. சாயங்காலம் முதலாளி காரணம் கேட்டார். காய்ச்சல் இன்னும் விடவில்லை என்று சொல்லியிருக்கலாம். தட்டில் ஈரம் தெரிந்தது என்று சொல்லியிருக்கலாம். நான் கண்டுபிடித்துவிட்ட பெருமை எனக்கு. "முதலாளி, ராவுத்தருக்குக் கண்ணு தெரியல. என்னையப் பாத்துத்தான் ஏறுறாக, என்னையப் பாத்துத்தான் விடுறாக" என்று சொல்லிவிட்டேன். சொல்லி முடிக்கும்போதே நாக்கைக் கடித்துக்கொண்டேன். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நான் கெடுத்தது என்னையல்ல.

முதலாளி கண்ணாடியைத் துடைக்கவில்லை. மேசையில் இருந்த துண்டுச் சீட்டுகளை நேராக அடுக்கினார்.

"அடுத்து ஒரு கலர் போட்ட காய் வரட்டும். ஏறு. அவரு கூட வருவாரு. எங்கன விடணும்னு ஒனக்குத் தெரியும்."

"முதலாளி, அவுகளுக்கு வேல போயிரும்."

"ஒனக்குப் போகாம பாத்துக்க."

அதே மெல்லிய குரல்தான். எனக்கு இரண்டு பிள்ளைகள், வாடகை வீடு. அதை இங்கே சாக்காகச் சொல்லவில்லை, இருந்ததைச் சொல்கிறேன். அன்றைக்கே மாமாவிடம் போய் ஒரு வார்த்தை சொல்லியிருக்க முடியும். மறுநாள் சொல்லலாம் என்று இருந்தேன். மறுநாளும் அப்படியே நினைத்தேன்.

பத்து நாளில் அந்தக் காய் வந்தது. பெரிய லாட், முப்பது மூட்டை. தட்டு என் கைக்கு வந்ததும் தெரிந்துவிட்டது. பச்சை அளவுக்கு மீறிய பச்சை. கட்டைவிரலை நனைத்துத் தேய்த்தேன். ரேகையெல்லாம் பச்சையாகிவிட்டது. போன வருஷத்துப் பழைய காய்க்குச் சாயம் அடித்துக் கொண்டுவந்திருந்தார்கள். தட்டை மாமாவிடம் தள்ளினேன். அவர் நனைத்தார், தேய்த்தார், துடைத்தார். துண்டில் விழுந்த பச்சைக் கறையை நான் பார்த்தேன். அவர் பார்க்கவில்லை.

ஏலக்காரர் முந்நூற்றுத் தொண்ணூறில் ஆரம்பித்தார். முதலிரண்டு பேர் பெயருக்கு ஏறிவிட்டு நின்றார்கள். கூடத்தில் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. நான் பென்சிலை நிமிர்த்தினேன். பக்கத்தில் பேனா மூடி தட்டியது. மறுபடி நிமிர்த்தினேன். மறுபடி தட்டியது. நானூறு தாண்டியது. எதிர் வரிசையில் இரண்டு பேர் எங்களை ஒரு மாதிரிப் பார்த்தார்கள். நானும் மாமாவும் மட்டும்தான். ஒவ்வொரு தடவையும், இப்போது விட்டுவிடுங்கள் மாமா என்று மனசுக்குள் கெஞ்சினேன். அப்படிக் கெஞ்சிக்கொண்டேதான் பென்சிலை நிமிர்த்தினேன். அவர் விட்டால் முப்பது மூட்டையும் என் தலையில் விழும் என்ற பயமும் கூடவே இருந்தது. இரண்டும் ஒரே சமயத்தில் ஒரு மனுஷனுக்குள் இருக்க முடியும் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

நானூற்று இருபத்தெட்டில் மாமாவின் பேனா நின்றது. நான் கேட்ட விலையில் ஏலம் நின்றது. ஏலக்காரர், "ஒருதரம்" என்றார்.

மாமா தட்டை எடுத்து மூக்கருகே கொண்டுபோனார். கண்ணை மூடிக்கொண்டார். நெற்றி சுருங்கியது. ஏலக்காரர், "ரெண்டுதரம்" என்றார். மாமா கண்ணைத் திறந்து என் பக்கம் திரும்பினார். என் முகம் அவருக்கு எவ்வளவு தெரிந்ததோ தெரியாது. அந்த நேரத்தில் நான் சொல்ல வேண்டியது என்ன என்று எனக்குத் தெரியும். பதினோரு வருஷத்துக்கு முன்னால் அவர் எனக்குச் சொன்ன அதே வார்த்தைதான். ஒற்றை விரலால் தட்டைத் தொட்டுக் காட்டினால்கூடப் போதும். தட்டுதான் அவர் கையிலேயே இருக்கிறதே. நான் பென்சிலை நிமிர்த்தியபடியே வைத்திருந்தேன். ஆடாமல் வைத்திருந்தேன்.

மாமா தட்டைக் கீழே வைத்துவிட்டுப் பேனா மூடியால் தட்டினார்.

நான் பென்சிலைப் படுக்க வைத்தேன். "மூணுதரம்." நானூற்று இருபத்தொன்பது, காசிம் ராவுத்தர். எதிர் வரிசையில் யாரோ சிரித்தார்கள். மாமா என் பக்கம் குனிந்து, "என்ன மாப்ள, இம்புட்டுத் தூரம் வந்துட்டு விட்டுட்ட?" என்றார். லிமிட் முடிந்துவிட்டது என்றேன். சீட்டில் அன்றைக்கு அந்த ரகத்துக்கு முதலாளி விலையே எழுதியிருக்கவில்லை.

சரக்கு வெளிநாட்டுக்குப் போய் சாயம் என்று திரும்பி வந்தது; காய் பழசு என்று யாரும் சொல்லவில்லை. அவர் கம்பெனியில் விசாரித்தார்கள். கண் விஷயம் வெளியே வந்தது. மாமாவை அனுப்பிவிட்டார்கள். சீசன் முடிய இன்னும் நாலு மாதம் இருந்தது. எங்கள் முதலாளி அந்த வருஷம் எனக்குத் தீபாவளிக்கு இரட்டை போனஸ் கொடுத்தார். வேண்டாம் என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. வாங்கி, மூத்தவளுக்குக் கொலுசு எடுத்தேன். அவள் அதைப் போட்டுக்கொண்டு வீட்டில் நடக்கும்போதெல்லாம் எழுந்து வெளியே போய்விடுவேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கம்பத்துக்கு பஸ் ஏறினேன். உண்மையைச் சொல்லிவிடுவது என்றுதான் போனேன். பாத்திமாதான் கதவைத் திறந்தது. "வாங்கண்ணே, அத்தா உள்ளதான் இருக்காக" என்றது. மாமா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். என் குரல் கேட்டதும் முகம் மலர்ந்துவிட்டது. அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. திட்டுவார் என்று தயாராகப் போயிருந்தேன்.

"வா மாப்ள. வடை கொண்டாந்தியா?" என்றார். கொண்டுபோயிருந்தேன். பிய்த்து எனக்குப் பாதி கொடுத்தார்.

கொஞ்ச நேரம் மழை, விலை என்று பேசினோம். பிறகு அவரே ஆரம்பித்தார். "கண்ணு போனது கூடப் பெருசில்ல மாப்ள. அது ரெண்டு வருசமாவே மங்கிக்கிட்டு வந்துச்சு. எனக்கு மூக்கு இருக்குன்னு ஒரு தைரியம். அன்னைக்கு அந்தத் தட்ட மோந்தேன் பாரு, பழைய காய் வாசம்தான் அடிச்சுச்சு. விட்ருவோம்னுதான் பேனாவ நிப்பாட்டுனேன். திரும்பிப் பாத்தா ஒன் பென்சில் நிமுந்து நிக்குது. பதினோரு வருசத்துல நீ ஒரு குப்பைக் காய்க்கு அப்புடி நின்னு நான் பாத்ததில்ல. சரி, நம்ம மூக்குதான் கெட்டுப் போச்சுன்னு தட்டிட்டேன்."

நான் வடையைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"ஒண்ணு கேக்கவா மாப்ள? மறைக்காமச் சொல்லு. அன்னைக்கு ஒனக்கும் தெரியலயா?"

பாத்திமா டீ டம்ளரோடு நிலைவாசலில் நின்றது. என் கட்டைவிரலில் ஒட்டிய பச்சை வரை எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்றிருந்தது. அந்த முகத்தைப் பார்த்துவிட்டு, "தெரியல மாமா" என்றேன்.

"அப்பச் சரி" என்றார். மூச்சு விட்டார். "ரெண்டு கண்ணும் நல்லா இருக்க ஒனக்கே தெரியலன்னா, நான் எம்மாத்திரம்."

அவருக்கு ஆறுதலாகப் போயிற்று என்று நினைத்துக்கொண்டேன். பஸ்ஸில் திரும்பி வரும்போது, நல்ல காரியம்தான் செய்தோம் என்றுகூட நினைத்தேன். மனுஷனுக்குத் தன் கோழைத்தனத்தைத் தர்மம் என்று நினைத்துக்கொள்ள ரொம்ப நேரம் ஆகாது.

அதற்குப் பிறகு கூடத்துக்குக் கம்ப்யூட்டர் வந்தது. இப்போது யார் ஏறுகிறார்கள், யார் விடுகிறார்கள் என்று பக்கத்தில் இருப்பவனுக்குத் தெரியாது. திரையில் விலை மட்டும்தான் ஓடும். பழைய ஆட்கள் பலர் குறைப்பட்டுக்கொண்டார்கள். எனக்கு நிம்மதியாக இருந்தது. என் கையைப் பார்த்து இனி யாரும் ஏற மாட்டார்கள்.

மாமா ஒன்பது வருஷத்துக்கு முன்னால் இறந்துபோனார். செய்தி கேட்டுப் போயிருந்தேன். பாத்திமா இப்போது டீச்சர். அந்த வருஷம் பாதியில் நின்று, மூன்று வருஷம் கழித்துத்தான் பி.எட். முடித்ததாம். எல்லாரும் கலைந்த பிறகு என்னிடம் வந்து பேசியது.

"அத்தா கடசி வரைக்கும் ஒங்களப் பத்தித்தான் பேசுவாக அண்ணே. வேலைய விட்டு நின்ன மறு வருசம், இங்கன ஒரு மசாலாக் கம்பெனிக்காரக வீட்டுக்கே வந்து கூப்புட்டாக. கண்ணு வேணாம் பாய், காய மோந்து பாத்துச் சொன்னாப் போதும், சம்பளம் தர்றோம்னாக. அத்தா போகவே இல்ல. 'எம் மூக்கு போச்சும்மா. முருகேசனுக்கே தெரியாத சரக்க நான் என்னத்த மோந்து சொல்லப் போறேன்'னு சொல்லிட்டாக. அதுக்கப்புறம் எங்க வீட்ல சமையக்கட்டு வாசம்கூட அவுக சொன்னதில்ல."

அப்போதும் தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன். ஒன்பது வருஷம் ஆகிறது.

அன்றைக்கு நான் சொன்ன பொய் அவருக்கு ஆறுதல் என்று நினைத்தேனே, அது அவரிடம் மிச்சம் இருந்த ஒன்றையும் பிடுங்கிவிட்டது. கண்ணைச் சர்க்கரை எடுத்தது. மூக்கை எடுத்தது நான். அவர் வாழ்ந்த கடைசி வருஷங்களில் ஒரு தொழில், ஒரு மரியாதை, காலையில் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கிளம்ப ஓர் இடம் எல்லாம் இருந்திருக்கலாம். "தெரியும் மாமா, வேண்டுமென்றே ஏற்றிவிட்டேன்" என்று நான் அன்றைக்குச் சொல்லியிருந்தால் என்னைக் காறித் துப்பிவிட்டு அந்த வேலைக்குப் போயிருப்பார்.

இந்த மலர் சங்கத்து உறுப்பினர்களுக்குத்தான் போகும். கம்பத்துக்கு ஒரு பிரதியை நானே கொண்டுபோய்க் கொடுக்கப் போகிறேன். தபாலில் அனுப்புவதாக இல்லை. பாத்திமா படித்து முடிக்கும் வரை எதிரே உட்கார்ந்திருக்கப் போகிறேன். நான் சொல்ல வேண்டியதை வாயால் சொல்லத் தைரியம் வராமல் போனால் இருக்கட்டும் என்று இங்கேயும் எழுதிவிடுகிறேன்.

பாத்திமா, அன்றைக்கு எனக்குத் தெரியும். உன் அத்தா மோந்தது சரி. பழைய காய்தான்.